நாற்காலியில் முளைத்த டம்ளர்

என் அப்பாவுக்கு எழுந்திருக்கும் வியாதி உண்டு. டாக்டர் யாரும் வைத்த பெயர் இல்லை, வீட்டில் நாங்களாகச் சொல்லிக்கொள்வது. மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கதவோரம் நின்றே வேலை பார்த்தவர். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், ஜீப் வந்தால் கதவைத் திறக்க வேண்டும், அதிகாரி செருமினால் என்னவென்று கேட்க வேண்டும். ஓய்வு பெற்று விளாங்குடியில் சொந்த வீட்டில் இருக்கிற இந்த வயதிலும், காலிங்பெல் அடித்தால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நிற்பார். டிவியில் கலெக்டர் பேட்டி கொடுத்தால் பாதி எழுந்துவிடுவார். பிறகு ஞாபகம் வந்து, வேட்டியைச் சரிசெய்ய எழுந்தது மாதிரி உதறிக் கட்டிக்கொண்டு உட்காருவார். அம்மா அந்த நேரம் பார்த்து சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இப்படிப்பட்ட மனிதரை வைத்து, ஒருவர் நாற்காலியில் உட்காருவதை மட்டுமே கதையாகக் கொண்ட படத்தை எடுக்க நினைத்த முட்டாள் நான்தான்.

நான் ஒரு தனியார் கல்லூரியில் சினிமா பாடம் நடத்துகிறேன். என் பங்குக்கு வந்தது பேசாத படக் காலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு. படத்திலும் சத்தம் இருக்காது என்பதால் மாணவர்களுக்கு நல்ல தூக்கம் வரும். தந்திரக் காட்சிகள் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தத் தந்திரம் மிகவும் எளிமையானது. கேமராவை நிறுத்த வேண்டும். காட்சியில் இருக்கிறவர்கள் எல்லாரும் அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். மறைய வேண்டியவர் மட்டும் நடந்து வெளியே போய்விட வேண்டும். பிறகு கேமராவை ஓட விட்டால் திரையில் ஆள் பொசுக்கென்று காணாமல் போயிருப்பார். இடையில் அவர் வெளியே போனது, தண்ணீர் குடித்தது, செருப்பைத் தேடியது எதுவும் படத்தில் இருக்காது.

வருடா வருடம் அந்தத் துண்டுப் படங்களைப் போட்டுக் காட்டியதில் எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. மந்திரக்கோல் பிடித்திருப்பவர் எப்போது பார்த்தாலும் கோட்டுப் போட்டவராகவே இருந்தார். காணாமல் போவது ஒரு பெண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் வேலைக்காரனாக இருக்கும். எப்போதாவது எஜமானும் வேலைக்காரனும் இடம் மாறினால் ஒரு நிமிடம் சிரிப்பு, அவ்வளவுதான். படம் முடிவதற்குள் இருவரும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். நம் ஊர்ப் படங்களில் பெண் வேஷத்தையே ஆண்கள்தான் கட்டினார்கள் எனும்போது ஏழை வேஷத்துக்கு ஏழையைத் தேடிப் போயிருப்பார்களா என்ன? முகத்தில் கொஞ்சம் கரியைப் பூசி, கக்கத்தில் ஒரு துண்டைக் கொடுத்தால் முடிந்தது.

இந்த நேரத்தில் எங்கள் துறையில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார்கள். ஆசிரியர்கள் ஆளுக்கொரு பேசாத படம் எடுக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, கம்ப்யூட்டர் தந்திரம் எதுவும் கூடாது, அந்தக் காலத்து முறையில்தான் எடுக்க வேண்டும். நான் துள்ளிக் குதித்தேன். என் படத்தில் பண்ணையார் நாற்காலியில் இருப்பார், வேலைக்காரன் எதிரே நிற்பான். மந்திரவாதி கோலை ஆட்டுவார். வேலைக்காரன் நாற்காலியிலும் பண்ணையார் தரையிலுமாக மாறிவிடுவார்கள். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவே மாட்டார்கள். ‘இனி இப்படித்தான்’ என்று ஓர் எழுத்து அட்டையோடு படம் முடியும். அந்த அட்டையை நினைத்து நினைத்து எனக்கே என்மேல் மரியாதை கூடிப்போனது.

அப்பாவிடம் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எந்த நாக்காலி?”

“எதா இருந்தாலும் சரிப்பா. வாடகைக்கு எடுத்துக்கலாம்.”

“எதா இருந்தாலும் சரின்னா வேற ஆளப் பாத்துக்க.”

பிறகுதான் சொன்னார். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம், அவர் பிறந்த ஊரில், அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரு பண்ணை வீட்டு வயலில் கூலிக்கு இருந்தவர்கள். அந்த வீட்டு முன்வாசலில் கை அகலமான பிரம்பு நாற்காலி ஒன்று கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அதன் எதிரே எல்லாரும் நிற்க வேண்டும். என் அப்பா அரைக்கால் சட்டையோடு அவருடைய அப்பாவின் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஓடிப்போய் அதில் உட்கார்ந்தாராம். பத்து எண்ணுவதற்குள் பயத்தில் எழுந்து ஓடி வந்துவிட்டாராம்.

“யாரும் பாக்காம உக்காந்தா அது உக்காந்த கணக்குல வருமா? அந்த வீட்டு ஆளு எதுக்க நிக்கணும். நான் உக்காரணும். அது படத்துல வரணும், நாலு பேரு பாக்கணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்” என்றார்.

என் அப்பா வாழ்க்கையில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவரை ஊரில் சின்னவர் என்பார்கள். அவருடைய அப்பா பெரியவராக இருந்ததால் இவர் சின்னவர். பெரியவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இவருக்கும் என் அப்பா வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, இன்னும் சின்னவர்தான். நிலத்தில் பாதி போய்விட்டது. திருமங்கலத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார், இப்போது மகன் பார்க்கிறார். சின்னவருக்கு சினிமா ஆசை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். வாலிபத்தில் ஒரு படப்பிடிப்பில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர். படம் வந்தபோது ஊரையே வண்டி கட்டி அழைத்துப் போயிருக்கிறார். திரையில் அவருடைய முழங்கை மட்டும் தெரிந்ததாம்.

போய்ப் பார்த்தேன். வாத்தியார் என்றதும் உட்காரச் சொன்னார். பண்ணையார் வேஷம் என்றவுடன் மீசையைத் தடவினார். பாதிப் படத்துக்குமேல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகட்டி நிற்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். நாற்காலியில் உட்காரப்போவது இன்னார் மகன் என்றும் சொன்னேன். மீசையைத் தடவிய கை நின்றது.

“ஏழையா நடிச்சாத்தான வாத்தியாரே அவார்டு குடுக்குறாக?”

“ஆமாங்கய்யா.”

“அப்பச் சரி.”

மந்திரவாதியாக நடிக்க வந்தவர் பாய். பழைய நகரத்தில் நாடக உடுப்பு வாடகைக் கடை வைத்திருக்கிறார். கிரீடம், கதாயுதம், தாடி, போலீஸ் தொப்பி எல்லாம் அவரிடம் உண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழா சீசனில் அவரைப் பிடிக்கவே முடியாது. ஒரே நாளில் இருபது டாக்டர், பதினாறு விவசாயி, எட்டு மயில் என்று அனுப்பிக்கொண்டிருப்பார். கோட்டு வாடகைக்குக் கேட்கத்தான் போனேன். “மாப்ள, இந்தக் கோட்டு எனக்கு மட்டுந்தான் சேரும். கோட்டு வேணும்னா நானும் வாரேன்” என்றார். வில்லாபுரத்தில் இருக்கும் அவருடைய வீட்டிலிருந்து ஒரு வேனில் மூவரும் கிளம்பினோம். கல்லூரிக் கேமராவை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஆள் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் நானே செய்துவிடலாம் என்ற திமிர் எனக்கு.

சின்னவர் வாசலில் நின்றிருந்தார். “வாங்க வாத்தியாரே” என்றார். அப்பாவைப் பார்த்து “வாடா” என்று தொடங்கி, நடுவில் விழித்து, “வா... வாப்பா” என்று முடித்தார். அப்பா செருப்பை வாசலுக்கு வெகு முன்னாலேயே கழற்றிவிட்டிருந்தார். எல்லாருக்கும் டீ வந்தது. எங்களுக்குப் பேப்பர் கப்பில். பேப்பர் கப் வந்ததில் ஒரு வசதி, யாருக்கு எந்த டம்ளர் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. சின்னவருக்கு மட்டும் அவருடைய எவர்சில்வர் டம்ளரில் வந்தது. கனமான, அடி அகலமான டம்ளர். வாய்க்குக் கீழே அவர்கள் குடும்பத்தின் மூன்று எழுத்து இனிஷியலைப் பெரிதாக வெட்டியிருந்தார்கள்.

முதல் சிக்கல் உடையில் வந்தது. பாய் கொண்டுவந்திருந்த பையின்மேல் ‘ஏழை செட்’ என்று எழுதியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கானது. வேட்டியில் சிவப்புத் துணியில் ஒட்டுப்போட்டு ஓரத்தில் ஜிகினா தைத்திருந்தார்கள். அப்பா அதை விரித்துப் பார்த்துச் சிரித்தார். வீட்டிலிருந்து கிழிந்த துணி ஏதாவது எடுத்து வரச் சொல்லியிருந்தேன். அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. “இந்த வீட்டுலருந்து யாரும் கிழிசலக் கட்டிக்கிட்டுப் போகக் கூடாது” என்று தும்பைப்பூ மாதிரி வெளுத்து இஸ்திரி போட்ட வேட்டி சட்டையோடுதான் அனுப்பி வைத்திருந்தாள்.

என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது பாய் சின்னவரையே உற்றுப் பார்த்தார். சின்னவர் வீட்டில் இருக்கிற கோலத்தில் இருந்தார். மேலே ஒரு பனியன். அதில் ஓட்டை இல்லாத இடத்தைத் தேட வேண்டும்.

“அய்யா, தப்பா நெனைக்காதீக. அந்தப் பனியனக் கழட்டிக் குடுத்தீகன்னா பெரிய ஒத்தாசையா இருக்கும்.”

சின்னவர் கழற்றிக் கொடுத்தார். அவருக்குப் பண்ணையார் மாதிரி வெள்ளைச் சட்டை வேண்டுமே என்று தேடினால் பெட்டியில் இருந்ததெல்லாம் பழுப்பேறிப்போயிருந்தன. கடைசியில் அப்பாவின் சட்டையை அவருக்குப் போட்டோம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பாய் அடுத்து மேக்கப் டப்பாவைத் திறந்தார். ஏழைக்குக் கறுப்பு, பண்ணையாருக்கு வெளுப்பு என்பது அவருடைய கடைச் சட்டம். அப்பாவின் கன்னத்தில் மையைத் தடவப் போனபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கே கறுப்பு பத்தலையா பாய்?”

பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னவர் அப்பாவைவிட ஒரு பிடி கறுப்பு. “யா அல்லா” என்று சொல்லிவிட்டு அரை டப்பா பவுடரைச் சின்னவர் முகத்தில் கொட்டினார். அவர் இரண்டு முறை தும்மினார். ஆக, படப்பிடிப்பு தொடங்கும் முன்பே பண்ணையார் என் அப்பாவின் சட்டையிலும் என் அப்பா பண்ணையாரின் பனியனிலும் இருந்தார்கள். மந்திரவாதிக்கு வேலையே இல்லை.

முதல் பாதியை ஒரே மூச்சில் எடுத்துவிட்டேன். சின்னவர் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டினார். அப்பா எதிரே துண்டோடு நின்றார். அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை. பாய் கோலை உயர்த்தினார். “நிறுத்து!” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கேமராவை நிறுத்தினேன். இருவரையும் இடம் மாற்றினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னவர் எதிரே வந்து நின்று ஒரு முறை செருமினார்.

அப்பா எழுந்துவிட்டார்.

“அப்பா, உக்காருங்க.”

“உக்காந்துதான இருக்கேன்” என்றார், நின்றுகொண்டே.

அடுத்த முறையும் அதுதான் நடந்தது. இந்த முறை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அப்பா எழுந்ததும் காலியான நாற்காலியைப் பார்த்த சின்னவர் போய் உட்கார்ந்துவிட்டார். அவரும் வேண்டுமென்று செய்யவில்லை. பெரியவர் போனதிலிருந்து அந்த நாற்காலி காலியாக இருந்தால் அவர் உட்காருவார். நான் கத்தினேன். இருவரும் அசடு வழிய இடம் மாறினார்கள். அடுத்த தடவை அப்பா எழுந்தார், சின்னவர் உட்கார்ந்தார். அதற்கு அடுத்த தடவையும். பாய் மட்டும் உயர்த்திய கோலோடு வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது தடவை அப்பாவின் இடுப்பைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். அது பாயின் யோசனை. சின்னவர் வந்து நின்றார். அப்பா நாற்காலியோடு எழுந்தார். பிரம்பு நாற்காலிதானே, பெரிய கனமில்லை. இடுப்பில் நாற்காலியும் முகத்தில் மரியாதையுமாக என் அப்பா நின்ற கோலத்தைப் பார்த்து சின்னவர் வீட்டுக் கோழிகள்கூட ஓடிவிட்டன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முடிச்சை அவிழ்க்கும்போது அப்பா என் பக்கம் குனிந்தார். “வேணும்னு செய்யலப்பா. காலு தன்னால எந்திரிக்குது” என்று என் காதில் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

என்னிடம் இன்னொரு பழைய தந்திரம் இருந்தது. லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, ஒருவரை முதலிலும் இன்னொருவரைப் பிறகுமாகத் தனித்தனியே எடுத்து ஒட்டிவிடலாம். சின்னவர் நடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம், அப்பா ஆளில்லாத வாசலில் நிம்மதியாக உட்காரலாம், படத்தில் இருவரும் எதிரெதிரே இருப்பார்கள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

“அவரு இல்லாம அதுல ஒருக்க உக்காந்தாச்சு. அதுக்கு எதுக்குப் படம்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாய்தான் வழி கண்டுபிடித்தார். கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். “மாப்ள, அண்ணன் ஆளப் பாத்து எந்திரிக்கல. அவரு நடந்து வாராரு பாரு, செருமுறாரு பாரு, அதுக்குத்தான் எந்திரிக்கிறாரு. ஆள மொதல்ல தூணாக்கு. அப்புறமா இவர உக்கார வையி.”

சின்னவரிடம் போய் விளக்கினேன். இப்போது வருவதுதான் படத்தின் உயிர்நாடி. துண்டோடு குனிந்து நிற்க வேண்டும். அசையக் கூடாது, செருமக் கூடாது, இமைகூட ஆடக் கூடாது. நான் ‘ஆக்‌ஷன்’ என்று சொல்கிற வரை சிலைதான். அசைந்தால் தந்திரம் கெட்டுப்போகும், அவார்டும் போய்விடும். முழங்கை மட்டும் தெரிந்த பழைய அவமானம் அவருக்குள் விழித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். துண்டை இடுக்கிக்கொண்டார். முதுகை வளைத்தார். கைகட்டித் தலைகுனிந்து, அப்படியே உறைந்துபோனார். காட்சியில் இருப்பதால் பாயும் கோலை உயர்த்தியபடி உறைந்தார். கேமரா நின்றிருந்தது. அந்த வாசலில் அசையலாம் என்று அனுமதி பெற்றவர்கள் நானும் அப்பாவும்தான்.

அப்பா உடனே உட்காரவில்லை. சின்னவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து முகத்தைப் பார்த்தார். சின்னவரின் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. சின்னவர் அசையவில்லை. என்ன நடிகர்! அப்பா கையை வீசி ஈயை விரட்டிவிட்டார். கக்கத்துத் துண்டு நழுவுவதைப் பார்த்து ஒழுங்காகச் செருகிவிட்டார். அதற்குப் பிறகு நாற்காலியிடம் போனார், அதன் கைகளைத் தடவிப் பார்த்தார், உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார். கால்மேல் கால் போட்டார்.

நான் பொத்தானை அழுத்தப் போனேன். அப்போது உள்ளேயிருந்து சின்னவரின் மருமகள் வந்தாள். பதினொரு மணி டீ. ஒரு கையில் போன், அதில் யாரோடோ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள், இன்னொரு கையில் டம்ளர். வழக்கம்போல் நாற்காலியை நோக்கி நடந்து, தலை நிமிராமலேயே, நாற்காலியில் இருந்த கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அப்பா டம்ளரைப் பார்த்தார். வெட்டியிருந்த எழுத்துகளைப் பார்த்தார். எதிரே சிலையாக நின்ற சின்னவரைப் பார்த்தார். பிறகு ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.

அவசரமே படவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் இடையில் வாசலையும் வேப்பமரத்தையும் பார்த்துக்கொண்டார். சின்னவர் அசையவில்லை. கண் தரையில்தான் இருந்தது, ஆனால் உறிஞ்சுகிற சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. பாய் உயர்த்திய கோலை இறக்காமல் கண்ணாலேயே என்னிடம் ‘அவசரப்படாதே’ என்றார். நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து என் அப்பா ஒரு டீயை முழுதாக உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. முன்னால் கேமரா இருப்பதே மறந்துவிட்டது. ஓட விட்டிருக்கலாம். பிறகு வெட்டிக்கொள்ளலாமே! அந்தக் காலத்து முறைப்படி நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று பாடம் நடத்துகிறவன் அல்லவா நான்?

கடைசி வாயைக் குடித்து, டம்ளரை நாற்காலியின் அகலமான கைமேல் வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு அப்பா சொன்னார்: “ம். எடு.”

கேமராவை ஓட விட்டு “ஆக்‌ஷன்” என்றேன். சின்னவர் அடக்கிவைத்திருந்த செருமலை எல்லாம் சேர்த்துச் செருமினார். அப்பா எழுந்து நின்றார். உடனே கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்து பேட்டரி தீர்ந்துபோனது. சின்னவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் அவார்டே கொடுத்தாலும் நிற்க முடியாது என்று படியில் சாய்ந்துவிட்டார். அவரிடம் சட்டையைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, அப்பா பனியனைக் கழற்றி வைத்துவிட்டு, பாய் கொடுத்த சட்டையோடு வேன் ஏறினார்.

வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டினேன். அப்பா உட்கார்ந்திருந்தது ஒரு நொடி. எழுவதற்கு முன்பே நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், கண்ணில் தூசி விழுந்த மாதிரி ஏதோ மின்னி மறைந்தது, அவ்வளவுதான். அவர் எழுவதையும் சேர்த்தால்தான் உட்கார்ந்திருந்தார் என்பதே புரிந்தது. ‘இனி இப்படித்தான்’ அட்டையை எடுத்துவிட்டு ‘முற்றும்’ என்று போட்டேன். என் படத்திலும் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தார்கள்.

கல்லூரி அரங்கில் திரையிட்டபோது சின்னவர் முன்வரிசையில் மாலை, மரியாதையோடு இருந்தார். அப்பா மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். அப்பா நாற்காலியில் பொசுக்கென்று தோன்றி, அடுத்த நொடி ஸ்பிரிங் மாதிரி எழுந்து நின்றபோது அரங்கமே சிரித்தது. சின்னவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

“நடுவுல உள்ளது எங்கப்பா?”

“அப்ப கேமராவ நிறுத்தியிருந்தேன்லப்பா.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் எந்திரிச்சது மட்டுந்தான் நாலு பேருக்குத் தெரியும்” என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் கண்ணெதிரே பார்த்தும் எடுக்காமல் விட்டிருந்தேன்.

விளக்குப் போட்டார்கள். ஒரு மாணவி எழுந்து கேட்டாள். “சார், ஆள் மாறுனது புரியுது. நாற்காலி கைமேல திடீர்னு ஒரு டம்ளர் வருதே, அத எப்படி சார் பண்ணீங்க?”

எந்த டம்ளர்? நூறு தடவை பார்த்த படம், நான் அப்பாவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அந்த இடத்தில் நிறுத்திக் காட்டச் சொன்னார்கள். ஆமாம், இருந்தது. அதற்கு முந்தைய நொடியில் வெறும் நாற்காலிக் கை. இந்த நொடியில் எவர்சில்வர் டம்ளர், மூன்று எழுத்தும் திரையில் ஆள் உயரத்துக்கு. துறைத்தலைவர் அதை ஆழ்ந்த குறியீடு என்று பாராட்ட ஆரம்பித்தார். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். இந்த முறை யாரும் செருமவில்லை.

“அது நான் குடிச்சது” என்றார். “அதுல உக்காந்து, அவரு நிக்க, முழு டம்ளரும் குடிச்சேன். கேமராதான் ஓடல.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சின்னவர் பின்னால் திரும்பி எல்லாரையும் பார்த்து, “நான் அம்புட்டு நேரமும் அசையவே இல்ல, தெரியுமா?” என்றார். பிறகு மறுபடி திரையைப் பார்த்தார். தன் குடும்பத்து எழுத்துகள் அவ்வளவு பெரிதாக நிற்பதைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு குறைந்தது.

பத்து நாள் கழித்து பாய் ஒரு மஞ்சப்பையோடு விளாங்குடிக்கு வந்தார். சின்னவர் கொடுத்தனுப்பியது. உள்ளே அப்பாவின் சட்டை இருந்தது, அது அப்பாவுடையதுதான், சரி. அதன் அடியில் அந்த ஓட்டைப் பனியன், சோப்புப் போட்டுத் துவைத்து மடித்தது. அதற்கும் அடியில் டம்ளர்.

“நெனவா வச்சுக்கிறச் சொன்னாரு” என்ற பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நினைவுப் பரிசாக யாராவது ஓட்டைப் பனியனை அனுப்புவார்களா? இப்போதே திருமங்கலம் பஸ் பிடித்துப் போய் இரண்டையும் அந்த வாசலில் வீசிவிட்டு வருகிறேன் என்று கத்தினேன். அப்பா டம்ளரைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். எழுத்துகளை விரலால் தடவினார். எதிர்பார்க்கவே இல்லை, சிரித்தார்.

“எதுக்குடா கத்துற? அவுக வீட்டுல இத இனிமே வச்சுக்கிற முடியலன்னா, நான் உக்காந்தது நெசந்தான? உன் படத்துலதான் இல்ல.”

பிறகு முகத்தை மிகவும் தீவிரமாக வைத்துக்கொண்டு பாயைப் பார்த்துக் கேட்டார். “பனியன் வந்துருச்சு. டம்ளர் வந்துருச்சு. நாக்காலி எப்பப் பாய் வரும்? அதுலயும்தான் உக்காந்தேன்?”

பாய் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும் வரை நிறுத்தவில்லை. அப்பா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், முன்னறையில் ஜன்னல் பக்கம் கிடந்த பழைய தையல் மிஷினைத் தள்ளிவைத்துவிட்டு, சாணால் அளந்து நாற்காலிக்கு இடம் ஒதுக்கியிருந்தார். அந்த இடத்தில் ஒரு சாமானும் வைக்கக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு.

நாற்காலி இன்னும் வரவில்லை. சின்னவரின் முழங்காலுக்கு வேறு எதுவும் ஒத்துவரவில்லை, அதிலேயேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று பாய் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு இன்னும் குஷி. தினமும் காலையில் அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு, கால்மேல் கால் போட்டு, மூன்று எழுத்து வெட்டிய டம்ளரில் டீ குடிக்கிறார். தெருவில் லோடு ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டால், நாற்காலியாக இருக்குமோ என்று கழுத்தை நீட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். எழுந்திருப்பதில்லை.